வீட்டுப் படிப்புக்கு எந்தப் புத்தகம்?

இப்போது நம் பட்டணங்களில் சில பெற்றோர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுப்பது என்று புறப்பட்டிருக்கிறார்கள். 14 வயது நிரம்பிய பிள்ளை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வசதியும் இருக்கிறது. உருப்போடுவதே படிப்பு, மார்க்கே அறிவு என்று பள்ளிக்கூடங்களில் ஆகிவிட்டதைக் கண்டு மனங்கசந்து இவர்கள் இந்தக் காரியத்தில் இறங்கியிருந்தால், அந்தக் கசப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திற்குப் பதிலாக எதை வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

பள்ளிக்கூடத்தில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனாலும் அங்கே பல சாதிப் பிள்ளைகள் ஒரே பெஞ்சியில் உட்காருகிறார்கள். ஓர் உபாத்தியாயர் தவறாகச் சொன்னால் மற்றோர் உபாத்தியாயர் திருத்துவார். "எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்று பக்கத்துப் பிள்ளையாவது கேட்கும். வீட்டிலோ தகப்பனே உபாத்தியாயர், தகப்பனே பரீட்சை அதிகாரி. அங்கே தகப்பனை மறுத்து ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் புத்தகம் ஒன்றுதான். அதையும் தன் மதத்திற்கும் சாதிக்கும் தாளம் போடுவதாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கினால் பிள்ளையின் கதி என்ன ஆவது?

இது வெறும் பயமல்ல. அமெரிக்காவில் நடப்பதைப் பாருங்கள். அங்கே 1925-ஆம் வருஷத்தில், பரிணாமத்தைச் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காக டென்னஸி மாகாணத்தில் ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கடவுள் படைப்புக் கதையை விஞ்ஞானம் என்று பொதுப் பள்ளிகளில் போதிக்கும்படி செய்த சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு வீட்டுக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது! வீட்டுப் படிப்புக்கென்றே மதப் பிரசுராலயங்கள் அச்சிடும் புத்தகங்கள், உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டதென்றும், அதற்கு வயது சில ஆயிர வருஷந்தான் என்றும் விஞ்ஞானப் பாடத்திலேயே சொல்லுகின்றன. பூமிக்குச் சுமார் 450 கோடி வயது என்பதற்குப் பாறைகளே சாட்சி சொல்லும்போது, பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு அதற்குக் கல்வி என்று பெயர் வைப்பது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்!

அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? 2023-இல் மத்திய சர்க்காரின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை, சுமை குறைக்கிறோம் என்ற பெயரால் எடுத்துவிட்டார்களே! 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலோ அந்தப் பாடம் இருக்கிறது. ஆகவே எந்தச் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கிறது என்று பாராமல், பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டியது பெற்றோர் கடமையாகிறது.

எப்படிப் பார்ப்பது? நாம் ஒரு சுலபமான வழி சொல்லுகிறோம். கிரகணப் பாடத்தைத் திறவுங்கள். 2019 டிசம்பர் 26-ந் தேதி நம் தமிழ்நாட்டில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. விஞ்ஞானிகள் முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்திற்கே வந்தது, போயிற்று. அப்படியிருந்தும் அன்று உண்ணாமல் கதவடைத்துக் கிடந்த வீடுகள் எத்தனை! விளக்கையும் இரண்டு பந்தையும் வைத்து "நீயே செய்து பார்" என்று சொல்லும் புத்தகத்தை வாங்குங்கள். பாம்பு விழுங்கும் கதையையும் விஞ்ஞானத்தையும் ஒரே பக்கத்தில் சமமாக உட்கார வைக்கும் புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக, அதே புத்தகமும் அதே பூதக்கண்ணாடியும் உங்கள் மகளுக்கும் உண்டா? மகனுக்குக் கணக்கும் மகளுக்குக் கோலமும் என்றால், அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் பழைய அடுப்பங்கரையே தவிர வேறல்ல.

நிற்க, "வீட்டிலிருந்தே படிக்கட்டும்" என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாக இருந்தபோது, கிராமப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். வண்ணான் பிள்ளை வெளுக்கவும் அம்பட்டன் பிள்ளை சிரைக்கவுமா பிறந்தார்கள் என்று நாடே கேட்டது; 1954-இல் காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். தகப்பன் உலகத்தைத் தாண்டிப் பிள்ளை போகக்கூடாது என்பதுதான் அதன் சாரம். இன்று வசதியுள்ள தகப்பன், தன் நம்பிக்கையைத் தாண்டிப் பிள்ளை போகக்கூடாது என்று புத்தகம் பொறுக்கினால், அதுவும் குலக்கல்வியே அல்லாமல் வேறென்ன? அன்று தொழிலுக்கு வேலி. இன்று அறிவுக்கு வேலி.

கூலிக்குப் போகும் தாய் தகப்பனுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவர்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடந்தான் படிப்பும் பகல் சோறும். அதைச் சீர்திருத்தவே நாம் பாடுபட வேண்டும். வீட்டிலேயே கற்பிக்க வசதியுள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. "அப்பா, நீங்கள் சொன்னது தப்பு" என்று உங்கள் பிள்ளை காரணத்தோடு எடுத்துக்காட்ட எந்தப் புத்தகம் உதவுமோ, அதை வாங்கிக் கொடுங்கள். அந்த வார்த்தையைக் கேட்கத் துணிவில்லாதவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கே அனுப்பிவிடுவது நலம்.