தகாத வார்த்தை

பள்ளியிலிருந்து பெற்றோருக்கு அனுப்பப்படும் கடிதங்களிலும், மாணவனின் கையாலேயே எழுதி வாங்கப்படும் மன்னிப்புக் கடிதங்களிலும் தவறாமல் இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு: ‘தகாத வார்த்தை பேசினான்.’ நாளிதழ்ச் செய்தியாளர்களுக்கும் உகந்த தொடர் இது. என்ன சொல், யாரை நோக்கி, எந்தச் சூழலில் என்பனவெல்லாம் அதற்குள் புதைந்துபோகின்றன. மாணவர் வாயில் வசைச்சொற்கள் பெருகிவிட்டன என்று பள்ளியாசிரிய நண்பர்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், எனக்கு அந்த வசைச்சொற்களைவிட இந்தத் தொடரின் மீதுதான் முதலில் எரிச்சல் வருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று நான்கு குற்றங்களை (சிலவற்றைக் குற்றம் என்றே சொல்ல இயலாது) ஒரே சாக்கில் கட்டிப்போடுகிறது இது.

நம் இலக்கண நூலார் இவ்வளவு மொத்தமாகச் சிந்திக்கவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ‘அவையல் கிளவி’ என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார். அவைக்கு ஆகாத சொல் என்பது பொருள். அதை இழிந்த சொல் என்றோ பாவச்சொல் என்றோ அவர் கூறவில்லை. அவையில் மறைத்துச் சொல்லுக என்கிறார், அவ்வளவே. குற்றம் சொல்லில் இல்லை, இடத்தில் இருக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே, வழக்கில் பயின்றுவிட்டவற்றை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்கும் தந்துவிடுகிறார். உரையாசிரியர்கள் அதற்கு ஆப்பியையும் ஆட்டுப்பிழுக்கையையும் எடுத்துக்காட்டுவார்கள். (உழுது பிழைக்கும் சமூகம் சாணத்தின் பெயரைச் சொல்ல நாணிக்கொண்டிருக்க முடியுமா?) பின்னால் வந்த நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். ‘கால் கழுவி வந்தான்’ என்ற எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்யாமல் எந்தத் தமிழ் மாணவனும் பள்ளியைக் கடந்ததில்லை. ஆனால் ஒரு மதிப்பெண் வினாவோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. அடுத்த பாடவேளையில் அதே வகுப்பில் ஒருவன் வசைச்சொல் பேசும்போது ஒருவருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

மேசை காலில் விழுந்த வலியில் ஒருவன் உடலுறுப்பு ஒன்றின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். இது தொல்காப்பியர் சொன்ன அவையல் கிளவி. ‘இது வகுப்பறை’ என்று நினைவூட்டினால் போதும். கி. ராஜநாராயணன் திரட்டிய பாலியல் நாட்டார் கதைகள் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்னும் தலைப்பில்தான் நூலாயின; தலைப்பே அவையை வரையறுத்துவிடுகிறது. பெருமாள்முருகனின் ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ நூலைப் படித்த நண்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வகைச் சொற்களை இவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. பள்ளி விளையாட்டுத் திடலில் மிகுதியாகப் புழங்கும் வசை எது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்; ‘தேவரடியார்’ என்பதன் குறுக்கத்தோடு ‘மகன்’ சேர்ந்தது அது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்த செய்தியைக் கோயில் கல்வெட்டு பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் கோயிலுக்குக் கொடை அளித்தவர்களாகவும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னர் அந்த வாழ்வு எங்கெங்கோ சரிந்தது. முத்துலட்சுமி ரெட்டி முதலானோரின் நெடும் போராட்டத்துக்குப் பின், 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. வழக்கம் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. இன்று எட்டாம் வகுப்புச் சிறுவன் தன் நண்பனை நோக்கி அதை வீசும்போது எதிரில் பெண் எவளும் இல்லை. நண்பனின் தாயைக் கல்லாக எடுத்து நண்பன்மேல் எறிகிறான். நண்பனும் சிரித்துக்கொண்டே அதே கல்லைத் திருப்பி எறிகிறான். இந்த வரலாற்றை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சொற்கள். ‘ஒன்பது’ தகாத வார்த்தையா? அகராதியில் அது ஓர் எண். நடையில் சற்று நளினமும் குரலில் மென்மையும் உள்ள ஒரு பையனுக்கு அது எண் அன்று. கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் அந்த எண்ணை எழுதி வாய்விட்டுச் சொல்லும்போது பின்வரிசையில் எழும் சிரிப்பொலிக்கு அவன் ஆண்டு முழுதும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. தமிழக அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. மதிப்பான அந்தச் சொல் அரசு ஆவணங்களிலும் ஏறியது. பின்வரிசைக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. இலக்கணப்படி இது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றது பிறருக்குப் புரியக் கூடாது என்பதற்காக. இவர்கள் அந்தப் பையனுக்குப் புரிய வேண்டும், ஆசிரியருக்கு மட்டும் புரியக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள்.

சாதி வசையும் பெரும்பாலும் இப்படிச் சுத்தமான சொற்களில்தான் வருகிறது. ‘உனக்கென்ன, ஸ்காலர்ஷிப் வந்துரும்’ என்பதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? கேட்டவனுக்கு மட்டும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரிவாளுக்கு முன்னால் பேச்சு இருந்தது. அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைச் சுட்டி ஆசிரியர் மாணவரை அழைக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. அப்படி ஒரு பரிந்துரையை எழுதவேண்டிய நிலை இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர்களின் வாய்க்கும் இதில் பங்குண்டு. ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு’, ‘பேசாமல் சிரைக்கப் போ’ என்பவை தகாத வார்த்தைகளாக எங்கும் பதிவானதில்லை. மாடு மேய்ப்பவரின் மகனும் முடிதிருத்துபவரின் மகனும் அதே வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையோடு மனத்தை வதைப்பதையும் தடைசெய்திருக்கிறது. முதற்பாதியை ஆசிரியர் அறையில் எல்லோரும் அறிவார்கள். ‘கையைக் கட்டிவிட்டார்கள்’ என்று புலம்பவும் செய்கிறார்கள். பிற்பாதியை எடுத்துச் சொன்னால் பேச்சு தேர்வுப் பணிப்பக்கம் திரும்பிவிடும்.

திரைப்படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். இருக்கலாம். தணிக்கையில் ஒலியை வெட்டினால் பிள்ளைகள் உதட்டசைவைப் படித்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் அந்த வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை.

ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொரு வசைக்கும் சொல்லாராய்ச்சி நடத்திக்கொண்டிருக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்பது நியாயம்தான். தாழ்வாரத்தில் கடந்துபோகும் ஆசிரியையின் காதுபட வேண்டுமென்றே பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்வெட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருக்க நான் கூறவில்லை. நான் கேட்பது சிறிய மாற்றம். அந்தக் கடிதத்தில் ‘தகாத வார்த்தை’ என்பதை நிறுத்திவிட்டு, சொன்னது யாரைத் தொட்டது என்று எழுதுங்கள். ‘வகுப்பில் அவையல்லாத சொல் சொன்னான்’, ‘உடன் படிப்பவனின் தாயை இழித்தான்’, ‘ஒருவனின் சாதியைச் சுட்டிப் பேசினான்’. மூன்றுக்கும் ஒரே தண்டனை தர எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது. இப்போது நடப்பதோ வேறு. வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் தாய் ‘என்ன சார் பேசினான்?’ என்று கேட்கிறாள். ‘சொல்ல முடியாதும்மா’ என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு, தன்னைப் போன்ற இன்னொரு தாயைப் பற்றிய சொல் அது என்று அறியாமலேயே கையெழுத்திட்டுப் போகிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் பிள்ளைகளிடம் நான்கு சொற்களுக்கு மேல் கையிருப்பில்லை. வசைபாடுவதற்கே பெயர்பெற்ற காளமேகம் பிறந்த மொழி இது. அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பிரித்துவைத்த மொழி. முதலாண்டு மாணவர்களிடம், கை காட்டியும் நிற்காமல் போகும் பேருந்தின் ஓட்டுநரைத் திட்டி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். தாய், சாதி, உடற்குறை மூன்றும் வரக் கூடாது, வேறெதற்கும் தடையில்லை. பத்து நிமிடம் பேனாக்கள் நகரவில்லை. பிறகு ஒருவன், ‘உங்கள் வண்டியில் பிரேக் என்று ஒன்று இருப்பதைப் பணிமனையில் சொல்லித் தரவில்லையா?’ என்று தொடங்கியிருந்தான். உடலுறுப்புகளுக்கு நான் தடை விதிக்கவில்லை என்பதை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. மணி அடித்த பிறகும் இருவர் இன்னொரு தாள் கேட்டார்கள்.