ரயில் பறக்குது... பட்டினப்பாக்கம் நடக்குது!

பட்டினப்பாக்கத்துக்காரரிடம் "உங்க பக்கம் ரயில் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "உண்டு... ஆனா இல்லே!" என்பார். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயிலுக்கு 18 நிலையங்கள். கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோவில், திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை என்று நம்ம பேட்டையைச் சுற்றியே ஐந்து நிலையங்கள். ஆனால் பட்டினப்பாக்கம் என்ற போர்டு எங்கும் கிடையாது. கடலோரத்து ஜனங்கள் மேற்கே நடையாய் நடந்து மந்தைவெளியிலோ திருமயிலையிலோதான் வண்டி ஏற வேண்டும்.

காரணம் என்ன? பாதை போட்டவர்கள் ஜனங்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடவில்லை. கால்வாய் எங்கே போகிறது என்று பார்த்துப் போட்டார்கள்!

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய் 1877-78ல் வெட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஏழைகளுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று வெள்ளைக்காரன் வெட்டச் சொன்னான். நூறு வருஷம் கழித்து, நகரத்தில் ரயில் விட இடமில்லாமல் தவித்தபோது அந்தக் கால்வாய்தான் கை கொடுத்தது. சர்க்கார் புறம்போக்கு; வீடுகளை இடிக்கிற தொல்லை குறைவு. கால்வாயிலேயே தூணை நட்டார்கள். தூண் மேலே தண்டவாளம் போட்டார்கள்.

இடம் மிச்சம்தான். ஆனால் கால்வாய் கடைத்தெரு வழியாகப் போகுமா? வீடுகளின் கொல்லைப்புறமாகத்தான் போகும். ரயில் நிலையங்களும் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

மாம்பலத்தைப் பாருங்கள். கடற்கரை - தாம்பரம் மார்க்கத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ல். மாம்பலம் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் காலடியிலேயே ரங்கநாதன் தெரு. ஸ்டேஷனால் தெரு பிழைத்தது. தெருவால் ஸ்டேஷன் நிறைந்தது. நிலையத்தின் வாசல் எங்கே திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தவணை தவணையாக...

பறக்கும் ரயில் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. 1995ல் சேப்பாக்கம் வரை வந்தது. 1997ல் திருமயிலை. 2004ல் திருவான்மியூர். 2007ல்தான் வேளச்சேரி. இருபது கிலோமீட்டர்கூட இல்லாத பாதைக்கு இத்தனை தவணை!

முண்டகக்கண்ணி அம்மன் கோவில் நிலையத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1997லிருந்து தலைக்கு மேலே வண்டி ஓடியது. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையம் திறந்தது 2014ல்! பதினேழு வருஷம் தாமதம் என்றாலும், விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த ரயிலை நம்பி எத்தனை பேர் என்பது அது இல்லாத நாட்களில்தான் புரிந்தது. எழும்பூர் - கடற்கரை நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றன. பாரிமுனைக்குப் போகிற குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் பதினாலு மாதம் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அரண்மனை உண்டு, விளக்கு?

திருமயிலைக்குத் தெற்கே போட்ட இரண்டாம் கட்டப் பாதைக்கு மூன்றில் இரண்டு பங்கு பணம் தந்தது மாநில சர்க்கார். அது நம் வரிப்பணம். அதில் நிலையங்களை அரண்மனை மாதிரி எழுப்பினார்கள். கடைகள் வரும், வாடகை வரும் என்று மாடி மாடியாகக் கட்டினார்கள். பெரும்பகுதி வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பெண் எந்தத் தைரியத்தில் தனியாகப் படி இறங்குவாள்?

ரயிலுக்குக் குறைந்த கட்டணம் 5 ரூபாய். இறங்கி வீடு போய்ச் சேர ஆட்டோவுக்கு அதைப்போலப் பல மடங்கு! அப்புறம் மலிவு ரயிலால் ஏழைக்கு என்ன லாபம்? மீன் கூடையோடு நிற்கிற அம்மாவைக் கேளுங்கள், கணக்குச் சொல்வார்.

இப்போது பூமிக்கு அடியில் மெட்ரோ வேலை நடக்கிறது. திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை என்று அதே பெயர்களில் கீழேயும் நிலையங்கள் வருகின்றன. பறக்கும் ரயிலை மெட்ரோவோடு சேர்க்க ரயில்வே போர்டு 2025ல் கொள்கை அளவில் சம்மதமும் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் யார் கைக்குப் போனாலும் மூன்று காரியங்கள் உடனே நடக்க வேண்டும்.

ஒன்று: பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளி, திருமயிலை ஸ்டேஷன் வாசலுக்கே சின்ன பஸ் விட வேண்டும். காலையிலும் மாலையிலும் ரயில் நேரத்தைப் பார்த்து விட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு நிலையத்திலும் படிக்கட்டிலும் பாதையிலும் விளக்கு எரிய வேண்டும். கடைசி வண்டி போகிற வரை காவல் இருக்க வேண்டும்.

மூன்று: மேலே ஒரு மந்தைவெளி, கீழே ஒரு மந்தைவெளி என்று இரண்டு வந்தால், நடுவே மூட்டை முடிச்சோடு மழையில் ரோட்டைத் தாண்டும்படி ஜனங்களை விடக்கூடாது. நனையாமல் நடந்து போக வழி வேண்டும். கட்டி முடித்த பிறகு இடிப்பதைவிட இப்போதே திட்டம் போடுவது புத்திசாலித்தனம்.

கோடி கோடியாகக் கொட்டித் தூண் நிறுத்தியவர்களுக்கு ஒரு விளக்கும் ஒரு பஸ்ஸும் பெரிய காரியமா? ரயில்வேயும் சர்க்காரும் ஒருவரை ஒருவர் கை காட்டாமல் உட்கார்ந்து பேசட்டும். பட்டினப்பாக்கத்து ஜனங்கள் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது போதும்!