கிணற்றடியைக் காணாத கல்வி

அண்மையில் வலிகாமத்திலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். 5ஆம் தரத்துச் சிறுமி ஒருத்தியிடம், நீர் மாசடைவதற்கான காரணங்கள் எவையெனக் கேட்டேன். மூச்சுவிடாமல் நான்கு காரணங்களை ஒப்புவித்தாள். “உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம், பிள்ளை?” என்று அடுத்துக் கேட்டேன். பேசாது நின்றாள். குற்றம் அக்குழந்தையினுடையதன்று. குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் நாம்.

1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும், 1999இல் நாடெங்கும் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றுடன் நான்காவதாக ஒரு பாடம் வைக்கப்பட்டது. அதன் பெயர் “சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்”. பெயரைக் கவனியுங்கள். செயற்பாடுகள் என்றார்களேயன்றி மனனம் என்றார்களில்லை. பிள்ளை தன்னை அறிதல், அயலாரோடு கூடி வாழ அறிதல், தன்னைத் தாங்கும் மண்ணையும் நீரையும் அறிதல் என்ற மூன்றுமே அதன் உயிர்.

அந்த உயிர் எங்கே போயிற்று? புலமைப்பரிசில் பரீட்சை அதனை விழுங்கிற்று. பார்க்க வேண்டியதைப் படிக்கின்றார்கள். தொட்டறிய வேண்டியதை மாதிரி வினாத்தாளில் கோடிடுகின்றார்கள். பாடசாலை மணி அடித்ததும் தனியார் வகுப்பு. அது முடிந்ததும் மற்றுமொரு வகுப்பு. வீட்டு முற்றத்து வேம்பைப் பிள்ளை கண்ணெடுத்துப் பார்ப்பதற்குப் பொழுதில்லை; ஆனால் வேம்பின் பயன்கள் மூன்றினை எழுதுவதற்கு அது ஆயத்தமாக இருக்கின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்ன சமுதாயமே இன்று அதே சுரைக்காயைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குகின்றது!

“ஏழைப் பிள்ளை மேலேறுவதற்கு அப்பரீட்சையன்றி வேறு ஏணி ஏது?” என்று பெற்றார் கேட்பர். நியாயமான கேள்வி. வன்னிக் கிராமத்துப் பிள்ளை நல்லதொரு கல்லூரியின் வாயிலை மிதிக்க அதுவே வழியாயிருப்பதை நாம் மறுக்கவில்லை. ஏணியை உடைக்கச் சொல்லவுமில்லை. ஏணியில் ஏறுவோர் சிலர். கீழே நின்றுவிடுவோரோ பலர். அப்பலருக்கும் 5 ஆண்டுகளின் முடிவில் நாம் கொடுத்தனுப்புவது தோற்றவர் என்ற பட்டம் ஒன்றுதானா?

இது எழுத்து வாசனை பற்றிய வழக்கன்று; எமது உயிர்நிலை பற்றிய வழக்கு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையே சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்தில் மிகையாக இட்ட யூரியாவும் மலக்குழியின் கசிவும் நைத்திரேற்றாக அந்நீரிலே கலக்கும். அது மிகுந்த நீர், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலையே குறைத்துவிடும். இதனை அறியாத தலைமுறை எத்தனை பட்டம் பெற்றாலென்ன?

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சூழவுள்ள கிணறுகளைக் கெடுத்தது. மக்கள் வீதிக்கு வந்தனர். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றவர் ரவீந்திர காரியவசம் என்ற தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர். 2019 ஏப்ரலில் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அவருக்கு எமது நன்றி உரியது. ஆயினும் சட்டத்தரணிகள் நிறைந்த மண்ணிலே பிறந்த நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: தீர்ப்பு கெட்ட கிணற்றுக்கு விலை கூறும், கெடுமுன் காக்கும் கண்ணை வகுப்பறையே தரும்.

கொழும்பு எமக்கென எதனைச் செய்தது என்று கேட்பது எமது உரிமை. எம் கையிலுள்ளதை நாம் என்ன செய்தோம் என்று கேட்பது எமது கடமை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆரம்பப் பாடத்திட்டத்தில் உள்ளூருக்கேற்ற மாற்றங்களுக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் அங்கீகாரத்தைப் பெறுவது மாகாணத்தின் கல்விப் பணிகளுள் ஒன்றாக அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. 2013இல் தெரிவான வட மாகாண சபை 2018இல் பதவிக்காலம் முடிந்து விலகியது. அந்த 5 ஆண்டுகளில் இவ்வாசகத்தை எத்தனை மேடைகளில் கேட்டோம்? பெரிய அதிகாரங்களைக் கோரும் கை, கிடைத்த சிறிய அதிகாரத்தைப் பற்றிக்கொள்ளத் தயங்கலாமா?

பாடசாலையைக் கிராமத்தோடு பிணைக்கும் எண்ணம் புதியதன்று. 1930களிலே கண்டிக்கு அண்மையில் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் எழுந்தது. வயலும் சுகாதாரமும் கைத்தொழிலும் வகுப்பறைக்குள் வந்தன. மேசை உத்தியோகத்தையே நாடிய சமுதாயத்தில் அது நிலைக்கவில்லை. அதே பிழையை மறுபடியும் இழைக்கப் போகின்றோமா?

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, சுற்றாடலுக்குரிய பாடவேளையைப் பரீட்சைப் பயிற்சிக்கு எடுத்தாளுதல் உடனே நிற்க வேண்டும். இரண்டாவது, எமது கிணறும் குளமும் பனையும் கடலும் எமது பாடத்தில் இடம்பெறத்தக்கதாக உள்ளூர் மாற்றத்தை மாகாணக் கல்வி அதிகாரிகள் எழுத்திலே கோர வேண்டும். மூன்றாவது, மாதம் ஒருமுறையேனும் ஊரார் வகுப்பறைக்குள் வரவேண்டும். பிள்ளைகள் ஊருக்குள் போகவேண்டும்.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, நோயும் நீரும் பற்றி நீங்கள் அறிந்ததை ஒரு மணிநேரம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே, மண்ணின் நிறத்தைக் கண்டே விளைச்சலைக் கூறும் உங்கள் அறிவை எப்புத்தகமும் அச்சிடவில்லை. உங்கள் தோட்டத்துப் படலையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

மண் எமது என்று முழங்குகின்றோம். அம்மண்ணை அறியாத பிள்ளையிடம் அதனை ஒப்படைத்துவிட்டுப் போகலாமா? அச்சிறுமி இன்னும் விடை சொல்லாது நிற்கின்றாள். அவளைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, அளவு நாடாவை அவள் கையிலே கொடுங்கள்!