கம்பிமுடிக்கு மெஷின் வேண்டாம்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்கு மிலூவைத் தெரியாமல் இருக்காது. 1929-ல் தொடங்கிய டின்டின் சித்திரக்கதையில் கூடவே ஓடிவரும் வெள்ளை நாய். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அது ஸ்நோயி. பாக்ஸ் டெரியர் இனம், அதிலும் கம்பிமுடி வகை. 'புவால் துய்ர்' என்பார்கள் பிரெஞ்சில். கடின முடி என்று பொருள்.

இப்போது நம் புதுச்சேரியிலும் இப்படி முடியுள்ள நாய்கள் ஒன்றிரண்டு மாலை நடைக்கு வருகின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பிறகு பிரான்சுக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். நாய் பெரியவர்களிடம் தங்கிவிடுகிறது. சித்திரை வெயில் வந்ததும், "பாவம், அதற்கு வேர்க்குமே" என்று மெஷின் போட்டு ஒட்ட மழித்துவிடுகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. ஒட்ட மழித்த தோலில் வெயில் நேராகப் படுகிறது.

கம்பிமுடி நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. மேலே கரடுமுரடான முடி, அடியில் மெத்தென்ற முடி. நரி வளையிலும் முட்புதரிலும் நுழைந்து வேலை செய்ய இந்த மேல்முடிதான் அதற்குக் கவசம். முடி முற்றியதும் வேர் தளர்ந்துவிடும். இரண்டு விரலால் பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுத்தால் வந்துவிடும், வலிக்காது. அந்த இடத்தில் மறுபடி கம்பிமுடியே முளைக்கும். மெஷின் போட்டால் முற்றிய முடியின் அடிப்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. அடிக்கடி மழித்தால் முடி மிருதுவாகி, நிறமும் மங்கி, அழுக்கையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

ஆபீசில் பழைய கோப்புகளைக் கழிப்போமே, அதே வேலைதான். காலம் முடிந்ததை மட்டும் எடுக்க வேண்டும், கட்டோடு வெட்டக் கூடாது.

எங்கள் வீட்டு ஷ்னவுசருக்கு வாரம் ஒருநாள், திண்ணையில் அரைமணி நேரம். குளிப்பாட்டும் முன்பே இதைச் செய்கிறேன், நனைந்த முடி வழுக்கும். விரலில் கொஞ்சம் சாக்குத்தூள். இடது கையால் தோலைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவைக்கு நாலைந்து முடி. வயிறு, தொடை இடுக்கு போன்ற மென்மையான இடங்களில் கத்தரிக்கோல்தான். கூடவே காதையும் கால்விரல் இடுக்கையும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிருக்கே ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அடிமுடி வரை துடைத்துக் காயவைக்க வேண்டும். சாப்பிட்டபின் தாடியைத் துடைத்துவிட வேண்டும். நாம் போடும் சோப்பு அதற்கு ஆகாது.

வயதான நாய், தோல் நோயுள்ள நாய், ஏற்கெனவே முடி மிருதுவாகிவிட்ட நாய் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. இழுத்தால் வலிக்கிறது என்று நாய் காட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவற்றுக்கு மெஷினே மேல், ஆனால் ஒட்ட மழிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற நமக்கு நேரம் இருக்கிறது, விரலில் தெம்பு இருக்கும்வரை செய்யலாம். ஆனால் பேரப்பிள்ளைகள் படத்தைக் காட்டி, "தாத்தா, இந்த நாய் வேண்டும்" என்று கேட்டால் முதலில் ஒன்று கேளுங்கள்: வாரம் அரைமணி யார் உட்காருவார்கள்? பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கட்டும். அதன் குட்டை முடிக்கு ஒரு பிரஷ் போதும்.