கூரை கொதிக்கக் குளிரூட்டி வாங்குவதோ?

பங்குனி பிறந்தால் போதும். நாளிதழ்களின் முதற்பக்கம் முழுவதும் பனிமலைப் படங்கள் வந்து நிறைகின்றன. முன்பணம் வேண்டா, திங்கள் தவணை சிறிது, பொருத்துகூலி இலவயம் என்று கடைகள் கூவுகின்றன. வெயிலுக்கு அஞ்சிய குடும்பம் கடைக்கு ஓடுகிறது. 35,000 உருவாவோ 40,000 உருவாவோ கொடுத்து ஒரு பொறியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிறது. ஈராண்டு கழிந்து பார்த்தால் மின்கட்டணம் இரு மடங்கு. பழுது பார்ப்பவர்க்கு ஆண்டுதோறும் தண்டம். அறையோ இன்னும் புழுங்குகிறது. இது பொறியின் குற்றமா? அன்று. எதை எங்கே வாங்குகிறோம் என்றறியாது வாங்கியதன் விளைவே ஆகும்.

ஏசி என்று ஊரார் வழங்கும் குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெம்மையை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் வேலை. தோணிக்குள் புகுந்த நீரை வாளியால் இறைத்துக் கொட்டுவது போன்றது அது. தோணியில் ஓட்டை இருக்குமாயின் அறிவுடையவன் முதலில் ஓட்டையை அடைப்பானா, கடைக்குப் போய்ப் பெரிய வாளி வாங்குவானா? தமிழ்நாட்டில் இன்று நடப்பதோ வாளி வாங்கும் வேலை!

தமிழ்நாட்டு வீட்டில் அவ்வோட்டை பெரும்பாலும் கூரையே. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்கும் 13½ பாகைக்கும் இடைப்பட்டது இந்நாடு. ஆகவே ஞாயிறு ஆண்டுக்கு இருமுறை இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு மேலே சித்திரை இரண்டாம் கிழமையிலும், மீண்டும் ஆவணி முதற்கிழமையிலும் நிற்கிறது. உச்சியில் நிற்கும் ஞாயிற்றின் கதிர் நண்பகலில் சுவரைச் சற்றே தடவிச் செல்லும். கூரையையோ குத்தி நிற்கும். கான்கிரீட்டு எனும் கற்காரைத் தளம் பகலெல்லாம் அவ்வெம்மையைக் குடித்து, ஞாயிறு மறைந்தபின் வீட்டுக்குள் உமிழ்கிறது. மேல்மாடி அறையில் இரவு பத்து மணிக்கு உட்கூரையைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பழந்தமிழ்க் கொத்தனார் இதனை அறியாதவர் அல்லர். கட்டடப் பொறியாளர் மெட்ராசு தெரசு என்று பெயரிட்டழைக்கும் பழைய சென்னைத் தளத்தை நோக்குக. தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களை நிறுத்தி மூலைவாட்டாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிடிப்பிப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, ஆணும் பெண்ணும் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். மழையையும் வெயிலையும் ஒருங்கே தடுத்த கவசம் அது. கற்காரை வந்தபின்னும் அதன்மேல் செங்கற்சல்லித் தளமும் தட்டோடும் இடும் வழக்கம் நெடுநாள் நின்றது. இன்று அடுக்கு வீடு கட்டி விற்போர் பலர் செலவு குறைக்க அதனை விட்டுவிட்டு, நீர் புகாப் பூச்சு ஒன்றைத் தடவி முடித்துவிடுகின்றனர். வாங்குபவரும் தரையில் பதித்த பளிங்கைக் குனிந்து பார்க்கிறாரேயன்றி, மேலேறித் தளத்தைப் பார்ப்பதில்லை.

தட்டோடு பதிக்கப் பொருளில்லாதார் என் செய்வது? சுண்ணாம்பு வெள்ளை பூசலாம். வெண்மையான பரப்பு கதிரைத் திருப்பி எறிகிறது. கருநிறப் பரப்பு அதனை விழுங்குகிறது. சில கிலோ சுண்ணாம்பும் ஓராளின் ஒரு நாள் கூலியுமே இதற்குச் செலவு. மழையில் கரைந்தால் அடுத்த பங்குனியில் மீண்டும் பூசிக்கொள்ளலாம். கதிர் மீட்டும் பூச்சுகள் என்று விலையுயர்ந்தனவும் கடைகளில் உள்ளன, அவை நெடுநாள் நிற்கும், பணி ஒன்றே. மேற்குப் பலகணிக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் மாலை வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே தடைப்படும். உட்புறம் திரை போடுவது அவ்வளவு பயன் தராது. வெம்மை அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது அன்றோ?

இங்கே ஒரு முறைகேட்டைச் சொல்லியாக வேண்டும். கூரை வீட்டுக்காரருடையது, கூரையின் வெம்மையோ குடியிருப்பவருடையது. வெள்ளை பூசும் செலவை வீட்டுக்காரர் ஏற்பதில்லை, மின்கட்டணம் அவர் கையிலிருந்து போவதில்லை ஆதலின். நாளை வேறு வீடு போகவேண்டிய குடியிருப்பாளரும் பிறர் கூரைக்குச் செலவிடத் துணிவதில்லை. ஆகவே கழற்றி எடுத்துச் செல்லத்தக்க பொறியைக் கடனுக்கு வாங்கி மாட்டுகிறார். ஒரு திங்கள் மின்கட்டணத்தின் அளவே ஆகும் சிறு செலவு ஒன்று, இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்பதனால் ஆண்டுக்கணக்கில் செய்யப்படாமலே கிடக்கிறது. குடிக்கூலி பேசி முன்பணம் கொடுக்கும் அன்றே தளத்துக்கு வெள்ளை பூசுவதையும் பேசி முடித்துக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

கூரைக்கு அடுத்தது காற்று. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடலின் வியர்வையை உலர்த்துவதன் வாயிலாக உடலையே குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண். பழைய கூரைவிசிறி 75 வாட்டு அளவில் மின்னை உண்ணும், பி.எல்.டி.சி. என்று கடையில் விற்கும் புதுவகை விசிறிக்கு 30 வாட்டு அளவே போதும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழலுமாயின் இரு திங்களில் முன்னது 90 அலகும் பின்னது 36 அலகும் கொள்ளும். நுகர்வு ஏற ஏற அலகின் விலையும் படிப்படியாக ஏறும் முறையில், ஒரு விசிறிக்கு 54 அலகு மிச்சம் என்பது சிறு தொகையன்று. ஒன்றரை டன் குளிரூட்டி முழு விசையில் ஓடுங்கால் ஏறத்தாழ 1,500 வாட்டு கொள்ளும். அஃதாவது இத்தகைய விசிறி ஐம்பதுக்கு ஈடு!

நீர் தெளித்துக் காற்றை ஊதும் ஏர்கூலர் வகை வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்நாட்டுக் கோடையின் வறண்ட காற்றுக்கு நன்று, செலவும் குறைவு. சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் அதனை வாங்குவோர் ஏமாறுகின்றனர். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்துள்ளது. அதன்மேல் மேலும் நீரை ஏற்றினால் புழுக்கமன்றி வேறென்ன மிஞ்சும்? ஒரே விளம்பரத்தைக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் பொதுவாகப் போடும் வணிகர் இதனைச் சொல்லார்.

இவ்வளவுக்குப் பின்னும் குளிரூட்டி தேவைப்படும் வீடுகள் உண்டு. முதியோரும் நோயாளரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அதனை ஆரவாரம் என்று தள்ளுவது அறமாகாது. வாங்குக, அளவறிந்து வாங்குக.

டன் என்பது பொறியின் எடை என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது பனிக்கட்டிக் கணக்கு. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகி எவ்வளவு வெம்மையைக் கவருமோ அதுவே ஒரு டன்; இன்றைய அளவையில் 3.5 கிலோவாட்டு. குளிர் என்பது ஒரு காலத்தில் பனிக்கட்டியாகவே விற்கப்பட்டதன் எச்சம் இது. பாசுட்டன் வணிகர் பிரடெரிக்கு டியூடர் கப்பலேற்றி அனுப்பிய பனிக்கட்டியைக் காக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்ததே ஐசு அவுசு. இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்பதும் அதுவே. குளிரைக் கடல் கடந்து வரவழைக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

சிறிய படுக்கையறைக்கு ஒரு டன் போதும். மேல்மாடியாயினும் மேற்குச் சுவராயினும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பெரிதாக வாங்கினால் நன்று என்பது தவறு. ஒரே விசையில் ஓடும் பொறி அளவுக்கு மீறியதாயின், அறையை விரைந்து குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை வடிக்கப் போதிய நேரம் ஓடாது. அறை குளிர்ந்தும் பிசுபிசுக்கும். இன்வர்ட்டர் வகை தேவைக்கேற்ப விசையைக் குறைத்து ஓடுமாதலின் இக்குறை அதில் குறைவு. நாள்தோறும் நெடுநேரம் ஓட்டுவோர்க்கு அதுவே ஏற்றது. ஆண்டுக்கு இருபது நாள் மட்டும் ஓட்டுவோர்க்கு அக்கூடுதல் விலை மீளாது.

விண்மீன் ஒட்டுச்சீட்டில் விண்மீன்களை மட்டும் எண்ணுதல் போதாது. அச்சீட்டின் ஆண்டையும் பார்க்க வேண்டும். அளவை அவ்வப்போது இறுக்கப்படுவதால், பழைய சீட்டின் ஐந்து புதிய அளவையில் ஐந்தாக நில்லாது. அதில் ஆண்டு மின்செலவு என்றிருப்பது 1,600 மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு. நாளும் பத்து மணி நேரம் ஓட்டும் வீடு அதனை ஏறத்தாழ இரண்டேகாலால் பெருக்கிக்கொள்க. புதிய பொறிகள் 24 பாகையில் தொடங்குமாறு 2020 முதல் விதிக்கப்பட்டுள்ளது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின் மிச்சம் என்பர் துறையினர். 18 பாகையில் வைத்துப் போர்வை போர்த்துக்கொள்வோரை என்னென்பது!

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் இடம் பெயர்ந்தன. அதனைத் தீர்க்கவே வில்லிசு கேரியர் இப்பொறியின் முன்னோடியை வடிவமைத்தார். ஈரம் வடிப்பதே இதன் பிறவிக் கடன். கையடக்கக் கட்டளைக்கருவியில் அதற்கெனவே ஒரு பொத்தான் உண்டு; ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்துக்கு அதுவே போதும், மின்னும் குறையும். ஆயினும் அதன்மேல் டிரை என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், தமிழ் மட்டுமே கற்ற தாய்மார் அதனை ஒரு நாளும் அழுத்தியதில்லை. ஈரம் நீக்கு என்று ஆறெழுத்தில் அச்சிடப் பொறி செய்வோர்க்கு எவ்வளவு மை ஆகும்? இந்நாட்டில் விற்கும் பொறியின் பொத்தானும் கையேடும் தமிழில் இருக்கவேண்டும் என்று கேட்பது மொழிப்பற்று மட்டுமன்று; கொடுத்த விலைக்குரிய பயனைக் கேட்பதும் ஆகும்.

அறியாமையின் பெருந்தண்டம் பழுது பார்க்கும்போதுதான் விழுகிறது. கேசு தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்று ஆண்டுதோறும் பணம் வாங்குவோர் உளர். உந்துவண்டி எண்ணெய்போல் அவ்வளி செலவாகும் என்று வீட்டாரும் நம்பிவிடுகின்றனர். அது செலவாவதன்று. மூடிய குழாய்ச்சுற்றுக்குள் அவ்வளி உள்ளே ஆவியாகி வெம்மையைக் கொள்கிறது. கம்பிரசர் எனும் அமுக்கி அதனை அழுத்த, வெளியே நீர்மமாகி வெம்மையை விடுகிறது. மீண்டும் உள்ளே வருகிறது. இருபதாண்டு உழைத்த பழைய குளிர்பெட்டிக்கு யாரேனும் ஆண்டுதோறும் வளி நிரப்பியதுண்டா? வளி குறைந்தால் எங்கோ கசிவு உண்டென்பது பொருள். கசிவைச் சோப்பு நுரையிட்டுக் கண்டு, பற்றவைத்து அடைத்து, குழாயிலுள்ள காற்றை எக்கியால் முற்றும் உறிஞ்சி நீக்கி, பொறியின் தகட்டில் எழுதியுள்ள எடைக்கு நிறுத்து நிரப்புவதே முறை. கசிவு எங்கே என்று கேட்கும் வீட்டில் பொய்க்கணக்கு செல்லாது. கசியும் வளி கேடற்றதுமன்று. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின் வழி விலக்கப்பட்டு வருவது. இன்று பரவலாகவுள்ள ஆர்-32, நூறாண்டுக் கணக்கில் கரியமிலவளியைப்போல் 675 மடங்கு புவியை வெதுப்புவது, தீயும் பற்றக்கூடியது.

மற்றவை எளியன. வடிதட்டியைக் கோடையில் இரு கிழமைக்கொருமுறை வெறும் நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. நீர் வடிகுழாய் சரிவாக இருக்கட்டும். அடைபட்டால் சுவர் நனையும். தனி மின்தடமும் நிலத்தொடுப்பும் கட்டாயம். வெளிப்பெட்டியில் பல்லியும் எறும்பும் அணிலும் புகுந்து மின்பலகையைக் கெடுப்பது இங்கே அன்றாடச் செய்தி; கோடைக்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று. கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். அங்குள்ளோர் காப்புப்பூச்சுள்ள சுருளையே கேட்டு வாங்கி, வெளிப்பெட்டியை நன்னீரால் அடிக்கடி கழுவவேண்டும்.

அவ்வெளிப்பெட்டியை எங்கே மாட்டுவது என்பதைக் கடைசியில் எண்ணுகின்றனர்; முதலில் எண்ணவேண்டியது அது. மூன்றாம் மாடிச் சுவரில், கால் ஊன்ற இடமில்லாத வெட்டவெளியில், இரண்டு இரும்புக் கோணங்களின்மேல் தொங்கவிட்டு விடுகின்றனர். அதனைக் கழுவவும் பழுது பார்க்கவும் வரும் இளைஞன் பலகணிக் கம்பியை ஒரு கையால் பற்றி, மறு கையால் திருகாணியைக் கழற்றுகிறான். இடையில் கயிறில்லை, கீழே வலையில்லை. வீட்டுக்குள்ளே தவணைப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மொட்டைமாடியிலோ நடைபால்கனியிலோ நின்று தொடத்தக்க இடத்தில் பெட்டியை வைத்தால், குழாய் சில அடி நீளும். சில ஆயிரம் உருவா கூடும். அவ்விடம் இல்லாத வீட்டில், இடைக்கயிறும் அதனைக் கட்ட வலிய கொக்கியும் வீட்டாரே ஏற்படுத்தி வைத்து, கட்டிக்கொள்ளாமல் வெளியே காலெடுத்து வைக்கவிடாது தடுக்கவேண்டும்.