கைக்கு ஏற்ற கருவி



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வாழ்வாதாரம், பிள்ளைகளின் படிப்பு, கடன் திட்டங்கள், மனச்சுமை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இம்மாதம் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் காரியாலயத்திலேயே சிரித்தார்கள். "பிள்ளையள் போனும் கையுமாத் திரியுதுகள் எண்டு தாய்மார் அழுகினம், நீர் அதுக்கு வக்காலத்தோ?" என்று மூத்த உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார். வக்காலத்து இல்லை. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் அந்த வீடு. தாயும் பன்னிரண்டு வயது மகளும் இருக்கிறார்கள். 2009 ஆம் ஆண்டு சித்திரை மாதம் வன்னியில் விழுந்த ஷெல்லில் அந்தச் சகோதரிக்கு இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பிறகு திருமணம் செய்தார், கணவர் நிலைக்கவில்லை. இப்போது விடியற்காலையில் அண்ணியுடன் சந்தையில் மரக்கறி விற்கிறார். நிறுப்பது அண்ணி, காசு வாங்கிக் கணக்குப் பார்ப்பது இவர்.

அந்த வீட்டு மூலையில் சீலையால் மூடியபடி ஒரு தையல் இயந்திரம் நிற்கிறது. அதை அங்கே கொண்டுவந்தது நான்தான். 2016 இல், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தின் உதவித் திட்டத்துக்கு இவருடைய விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். படிவத்தில் மூன்று தெரிவுகள்தான் அச்சிடப்பட்டிருந்தன: ஆடு, கோழி, தையல் இயந்திரம். ஆடு கட்ட வளவு இல்லை, கோழிக்குரிய நிதி முடிந்துவிட்டது. மிஞ்சியதற்கு நேரே சரி அடையாளம் போட்டேன். ஒற்றைக் கையால் துணியைத் தள்ளித் திருப்புவது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்தார். தருவதை வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை பெயரே வராது என்பது உங்களுக்கும் தெரியும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். போன வருடம் கனடாவிலிருந்து வந்த மாமா தன் பழைய மடிக்கணினி ஒன்றையும், விளையாடுவதற்கான இரண்டு கொன்ரோலர்களையும் மருமகளுக்கு விட்டுவிட்டுப் போனார். கொன்ரோலர் என்றால் இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் அமத்தும் கைப்பிடிக் கருவி. அதில் ஒரு கார் ஓட்டப் பந்தயம் இருந்தது. இரண்டு பேர் ஆடவேண்டும். நான் போன அன்று மகள் ஒரு கொன்ரோலரைக் கையிலும் மற்றதை மடியிலும் வைத்துக்கொண்டு, தானே இரண்டு காரையும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தாள். தாய் குசினி வாசலில் நின்று பார்த்தபடி, "எனக்கு உது சரிவராது மிஸ், அவளுக்கு ஆக்களில்லை" என்றார்.

ஆனால் இன்னொரு விளையாட்டு அவருக்குச் சரிவந்திருந்தது. பெயர் "வெண்பா". தமிழ்ப் பெயராக இருந்ததால் மாமா வாங்கிப் போட்டாராம். ரொறன்ரோவில் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்து 2023 ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா என்ற பெண், கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின், இவர்களுடைய கதை. அடுத்த வருடம் பிரித்தானியாவின் பஃப்ரா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருது இதற்குக் கிடைத்தது. முழுவதும் ஆட ஒன்றரை மணி நேரம் போதும்.

இதில் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. சமைப்பதுதான் விளையாட்டு. வெண்பா தன் தாயின் சமையற் குறிப்புப் புத்தகத்தை ஊரிலிருந்து கொண்டுபோகிறாள். தாள்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கின்றன. விடுபட்ட இடத்தில் தாய் என்ன எழுதியிருப்பாள் என்று ஆடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் இட்டலி. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று எப்படி அடுக்குவது? மேல் தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேரே வந்தால் மா நசிந்துபோகும். எங்கள் பெண்கள் யோசிக்காமலே செய்கிற வேலை. இதைப் புதிராக மாற்றலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். பிழையாகச் செய்தால் புள்ளி குறைவதும் இல்லை, உயிர் போவதும் இல்லை. திரும்பச் செய்து பார்க்கலாம். நேரக் கட்டுப்பாடும் கிடையாது. முக்கியமாக, மவுஸை ஒரு கையால் பிடித்து இழுத்து இழுத்தே முழுவதையும் ஆடிவிடலாம்.

புட்டுக் கட்டம் வந்ததும் அந்தச் சகோதரி திரையோடு சண்டை பிடித்தாராம். "குழலுக்குள்ள அடைச்சு அவிக்கினம் மிஸ். நீத்துப்பெட்டியில அவிச்ச மணம் உதில வருமோ?" என்று என்னிடமும் முறையிட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தாய் ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்றும், எல்லாம் கைப்பழக்கம்தான் என்றும், மகளுக்கு இன்னும் புட்டு ஒழுங்காகக் குழைக்கத் தெரியாது என்றும் சொன்னார். ஒரு கையால் குழைத்துக் காட்டினால் அவளுக்குப் பிடிபடுவதில்லையாம்.

வெண்பா அவரை உள்ளே விட்டது, கார்ப் பந்தயம் வெளியே நிறுத்தியது. ஏன் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பிறகு தேடி வாசித்ததில், அந்த இரண்டு பெருவிரல் வழக்கம் எங்கிருந்து பரவியது என்று தெரிந்தது.

யப்பானின் கியோத்தோ நகரில் 1889 ஆம் ஆண்டு விளையாட்டுச் சீட்டு அச்சடிக்கத் தொடங்கிய கம்பனிதான் நின்ரென்டோ. 1965 இல் கும்பெய் யொக்கோய் என்ற இளைஞர் அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பொழுதுபோக்காக அவர் செய்து வைத்திருந்த நீண்டு மடங்கிப் பொருட்களைப் பிடிக்கும் ஒரு கையை முதலாளி கண்டு, அதையே விளையாட்டுப் பொருளாகச் செய்யச் சொன்னார். 1966 இல் வந்த அந்தக் கை பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. பிறகொரு நாள் ரயிலில் களைத்துப்போன ஒருவர் கணக்குப் பார்க்கும் கல்குலேற்றரை வெறுமனே தட்டிக்கொண்டிருந்ததை யொக்கோய் கண்டார். கல்குலேற்றரின் சிறிய திரை அப்போது மலிந்திருந்தது. அதே திரையை வைத்து 1980 இல் சட்டைப் பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவியைச் செய்தார். புதிய, விலையுயர்ந்த தொழில்நுட்பத்துக்குப் பின்னால் ஓடாமல், பழசாகி மலிந்துபோனதைப் புது வேலைக்குத் திருப்புவதுதான் அவருடைய வழி.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. அப்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட கதையை என் அப்பா இன்றைக்கும் சொல்லுவார். ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். யொக்கோய்க்குக் கம்பனி இருந்தது, எங்களுக்குத் தடைதான் இருந்தது.

1982 இல் யொக்கோய் இன்னொன்றும் செய்தார். மடித்து மூடும் கருவிக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தடி சரிவராது என்பதால், கூட்டல் அடையாளம் போலத் தட்டையான ஒரு பட்டனை வைத்தார். இடது பெருவிரலால் திசை, வலது பெருவிரலால் செயல். அது வசதியாக இருந்ததால் பிறகு வந்த கம்பனிகளும் அந்த அமைப்பையே பின்பற்றின. அன்றிலிருந்து கொன்ரோலர் செய்கிறவர்கள் ஆடுபவருக்கு இரண்டு பெருவிரல் இருக்கும் என்று வைத்துக்கொண்டே செய்தார்கள். மூன்று தெரிவோடு படிவம் அச்சடித்தவர்களும், அதை நிரப்பிய நானும் அப்படித்தான்.

அதே நின்ரென்டோ 1989 இல் கை அசையாதவர்களுக்காக, நெஞ்சில் கட்டி, நாடியால் திசை காட்டி, குழாயில் ஊதியும் உறிஞ்சியும் ஆடும் ஒரு கருவியையும் செய்தது. ஆனால் கடையில் கிடைக்கவில்லை, கம்பனியிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். 2006 இல் அவர்கள் வெளியிட்ட வீ என்ற கருவியில் ரீவி றிமோட் போன்ற ஒன்றை ஒரு கையால் வீசியே பந்து உருட்டலாம். பல நாடுகளில் பக்கவாத நோயாளிகளின் பயிற்சிக்கும் அதைப் பாவித்தார்கள்.

பெரிய மாற்றம் 2018 இல் வந்தது. அமெரிக்காவில் போரில் கைகால் இழந்த சிப்பாய்களுக்குக் கொன்ரோலர்களை மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் வேலையைக் கண்டு, மைக்ரோசொவ்ற் கம்பனியார் அவர்களையும் வேறு மாற்றுத்திறனாளி அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு கருவி செய்தார்கள். தட்டையான பெட்டி. மேலே கோப்பைத் தட்டளவில் இரண்டு பெரிய பட்டன். பின்னால் 19 துவாரங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் உங்களுக்கு எது இயலுமோ அதற்கேற்ற ஆளியைச் செருகலாம்: காலுக்கு, முழங்கைக்கு, நாடிக்கு. அது வரும் அட்டைப் பெட்டியைக்கூடப் பல்லால் கடித்துக் கிழிக்கத் தேவையில்லாமல், வளையங்களை இழுத்துத் திறக்கும்படி அமைத்தார்கள். 2023 மார்கழியில் சொனியும் இப்படி ஒன்றை வெளியிட்டது.

இதை அந்தச் சகோதரியிடம் சொன்னபோது, "அங்கயும் சண்டையாலதானோ மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

மைக்ரோசொவ்ற்றின் கருவி ஏறத்தாழ 100 டொலர், ஆளிகளுக்குப் புறம்பாகக் கொடுக்கவேண்டும். எங்கள் காசுக்கு முப்பதினாயிரத்துக்குக் குறையாது. அந்தப் பேச்சை அதோடு விட்டோம். ஆனால் அந்தத் துவாரங்களின் யோசனையை விட மனமில்லை. மகளையும் ஒரு கொன்ரோலரையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சுன்னாகத்தில் றேடியோ திருத்தும் ஒரு ஐயாவிடம் போனேன். அவர் கழற்றிக் காட்டினார். ஒவ்வொரு பட்டனுக்குக் கீழும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கின்றன. கரி பூசிய இறப்பர் அமரும்போது இரண்டும் இணைகின்றன. "இவ்வளவுதான் பிள்ளை. பெருவிரல் இணைச்சாலென்ன, குதிக்கால் இணைச்சாலென்ன, உதுக்குத் தெரியவே போகுது" என்றார்.

வேகத்துக்கும் பிறேக்குக்கும் உரிய இரண்டு பட்டன்களின் கோடுகளிலிருந்து வயர் ஈயத்தால் ஒட்டி, கதவு மணிக்குப் பூட்டுகிற இரண்டு ஆளிகளுக்குக் கொண்டுபோனார். கொன்ரோலரை ஒரு பலகையில் இறுக்கினார். வலது கையால் திசை, காலால் வேகம். முதல் நாள் சரிவரவில்லை. நிலத்தில் வைத்த ஆளி வழுக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனது. சைக்கிள் ரியூப்பை வெட்டி அடியில் ஒட்டினோம். பிறகு பாதத்தைத் தூக்கித் தூக்கி அமத்தியதில் கால் உளைந்தது. குதிக்கால் நிலத்தில் இருக்க விரல் மட்டும் அமரும்படி ஒரு சரிவுக் கட்டை வைத்தோம். அந்தக் கட்டையின் உயரத்தை மூன்று முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் எது நோகிறது, எது எட்டவில்லை என்று அவர்தான் சொன்னார், ஐயா அதற்கேற்ப வெட்டினார். ஒன்பது வருடத்துக்கு முன் நான் கேட்காத கேள்விகளை அந்த ஐயா ஒரு மணித்தியாலத்துக்குள் கேட்டு முடித்தார். எல்லாமாகச் செலவு 1,800 ரூபா. வீட்டில் செய்ய நினைக்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வயரை வீட்டு மின்சாரத்தோடு ஒருபோதும் தொடுக்கக்கூடாது. வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள்.

போன கிழமை போனபோது இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்தான் முன்னால். மகளுக்கு அழுகை வராத குறை. "அம்மா காலால பிறேக் பிடிக்கிறா அன்ரி, அது களவு. எனக்கும் அதுமாதிரிப் பூட்டித் தரச் சொல்லுங்கோ" என்றாள். தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "முதல்ல புட்டுக் குழைக்கப் பழகு" என்றார்.

ஓட்டம் முடிந்ததும் அவர் எழுந்து மூலைக்குப் போய்த் தையல் இயந்திரத்தின் சீலையை எடுத்தார். துணியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு சட்டமும், அதை நெஞ்சாலோ முழங்கையாலோ தள்ளுகிற மாதிரி ஒரு தடியும் இருந்தால் நேர்த் தையலாவது தைக்கலாம், தலையணை உறைக்கு அது போதும் என்றார். எவ்வளவு காலமாக யோசித்து வைத்திருந்தாரோ தெரியாது. பழைய பெட்டி மூடியில் கரித்துண்டால் கீறியும் காட்டினார். அந்த மூடியையும் இயந்திரத்தையும் இணுவிலில் ஒரு தச்சரிடம் கொடுத்திருக்கிறோம். தைப்பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.