கிறீச்சிடும் ஷட்டர் சொல்ல வருவது

புதிதாகக் கார் வாங்கும் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. மாதத் தவணை, காப்பீடு, குறித்த காலத்தில் சர்வீஸ் என ஒவ்வொன்றுக்கும் தொகை ஒதுக்குகிறோம். அந்தக் காரை இரவெல்லாம் காத்து நிற்கும் ரோலிங் ஷட்டருக்கு மட்டும் அக்கணக்கில் இடமில்லை. வீடு கட்டிய ஆண்டில் பொருத்தியதோடு அதை மறந்துவிடுகிறோம். நாள்தோறும் இருமுறை அது கத்தி நினைவூட்டினாலும், சில மாதங்களில் அந்த ஓசை நம் காதுகளுக்குப் பழகிவிடுகிறது. பழகாமல் துன்புறுவோர் அண்டை வீட்டார்.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. நாக்பூரில் என் வீட்டு ஷட்டரே அத்தகையதாகத்தான் இருந்தது. அம்பாசரி ஏரிக்கரையில் நடைப்பயிற்சி செய்வதற்காக அதிகாலை ஐந்து மணிக்குக் காரை எடுப்பேன். (நடப்பதற்குக் காரில் செல்வதன் வேடிக்கையை என் மனைவி பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.) அடுத்த வீட்டு நண்பர் இரவுப் பணி முடித்து வந்து உறங்கும் நேரம் அது. அவர் இருமுறை மரியாதையாக எடுத்துச் சொன்னார். நானும் இருமுறை எண்ணெய் விட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் ஓசை அடங்கியது; பிறகு முன்னிலும் உரக்கக் கேட்டது.

மே மாதத்தில் ஒருநாள் விடியற்காலை என் மனைவிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. காரில் பெட்ரோல் இருந்தது, காப்பீடு நடப்பில் இருந்தது. ஆனால், ஷட்டர் முழங்கால் உயரம் எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சிக்கிக்கொண்டது. நான் இழுத்த ஓசையில் விழித்தெழுந்த அதே நண்பர்தான் தம் காரில் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மனைவி நலமடைந்துவிட்டார். அன்று மாலை வந்த மெக்கானிக் ஷட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இது எத்தனை மாதங்களாகக் கத்திக்கொண்டிருக்கிறது?

ஒன்றரை ஆண்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பட்டைகளின் முனைகளில் அவை பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் கிளிப்புகள் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் பல கிளிப்புகள் கழன்று போயிருந்தன. அதனால் பட்டைகள் மெல்ல வலப்புறம் நகர்ந்து சேனலை உரசிக்கொண்டிருந்தன. நான் எண்ணெய் விட்டு அடக்கியது அந்த உரசலின் ஓசையைத்தானே தவிர, உரசலின் காரணத்தை அன்று.

என் கருத்து இதுதான்: ஷட்டரின் ஓசையைச் சகித்துக்கொள்வதும் தவறு, ஆராயாமல் எண்ணெயால் அடக்குவதும் தவறு. முதலில் அதைக் கேட்க வேண்டும். 'கிறீச்' என்ற நீண்ட ஒலி பட்டை முனை சேனலில் வறண்டு உரசுவதைக் காட்டும். 'கடகட' என்றால் சேனலைச் சுவரோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். மேலே, ஷட்டர் சுருளும் இடத்திலிருந்து முனகல் வந்தால் குழாயைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். ஒரே உயரத்தில் ஒவ்வொரு முறையும் தட்டுகிறதென்றால் அங்கே ஏதோ ஒரு பட்டை நெளிந்திருக்கிறது. பெரும்பாலும் நம் வண்டியே இடித்ததாக இருக்கும்.

கோடைக்கும் இதில் பங்குண்டு. மூன்று மீட்டர் நீள எஃகுப் பட்டை, வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். ஏற்கெனவே ஒரு பக்கம் நகர்ந்துவிட்ட பட்டைக்கு அந்த ஒரு மில்லிமீட்டரே போதும்.

நாமே செய்யக்கூடிய வேலை எளியது. ஆனால் அதன் வரிசை முக்கியம். சேனலில் தங்கிய மண்ணையும் பழைய பிசுக்கையும் தூரிகையால் அகற்றி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். அதன் பிறகே மசகு. சேனலுக்குள் கிரீஸ் தடவுவது நம் நாட்டுப் புழுதிக்குப் பொருந்தாது. புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் போல் இரும்பைத் தேய்க்கும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கிவரும் கழிவு எண்ணெயும் அப்படியே. சிலிகான் ஸ்பிரே நல்லது. கிடைக்காத ஊரில் மெழுகுவர்த்தியைச் சேனலின் உட்புறம் தேய்த்தாலும் சிறிது காலம் பயன் தரும். இன்னொன்று: ஷட்டரை ஓர் ஓரத்தில் ஒற்றைக் கையால் தூக்கும் வழக்கத்தை விடுவோம். நடுவில் பிடித்து நேராகத் தூக்கினால் பட்டைகள் கோணாது.

நம் கை போகக் கூடாத இடமும் ஒன்று உண்டு. மேலுள்ள குழாயில் பொருத்திய சுருள்வில்தான் ஷட்டரின் எடையைத் தாங்குகிறது. மூன்று மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட 18 கேஜ் எஃகு ஷட்டர் 70 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை நம்மால் தூக்க முடிவது முறுக்கேறிய அந்த வில்லின் ஆற்றலால்தான். தூக்கும்போது கனத்தாலோ, இறக்கும்போது கையை மீறி விழுந்தாலோ, வில் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதன் மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வம் விரலையும் கண்ணையும் பறித்துவிடும். அந்த வேலைக்குரிய கூலியைப் பெரிதாக நினைக்க வேண்டாம். மின்மோட்டார் பொருத்தியவர்கள், மின்தடையின்போது கையால் திறக்கும் முறையை வீட்டிலுள்ள அனைவருக்கும் இன்றே காட்டி வைப்பது நலம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரத்தை இரவென வரையறுத்து, குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. ஒரு ஷட்டருக்காக எவரும் அந்த விதிகளை நாடப் போவதில்லை; என் நண்பரும் நாடவில்லை. ஆயினும் ஐந்து மணி என்பது எனக்குத்தான் விடியல், சட்டத்தின் கணக்கில் அது இரவு.

புதிதாக வீடு கட்டுவோர் ஷட்டருக்கு விலை கேட்கும்போது சதுர அடிக் கணக்கோடு நின்றுவிடாமல், இந்தியத் தரநிலை 6248க்கு ஏற்றதா, எல்லாப் பட்டைகளுக்கும் முனைக் கிளிப் உண்டா, பால் பேரிங் உண்டா என்று கேட்டு, அவற்றை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். இப்போது என் வீட்டில் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் தீபாவளிக்கு முன் ஒருமுறையும் ஷட்டரைத் துடைத்துச் சரிபார்க்கிறேன். தேதியை உட்புறப் பட்டையில் பெயின்ட்டால் குறித்து வைக்கிறேன். சென்ற முறை ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அடுத்த வீட்டு நண்பர்.